தீராது என்ற தீர்ப்பு

நோய்களுள் மருந்துக்கு அடங்குவன உண்டு. கத்திக்கு அடங்குவன உண்டு. காலத்தால் தாமே தணிவனவும் உண்டு. இவற்றுள் எதற்கும் அடங்காதது என்று உலகத்து வைத்தியர்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த துன்பம் ஒன்றும் உண்டு. முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்கி, மனிதன் உயிரோடிருந்தும் கையும் காலும் அவன் சொற்கேளாமல் கிடக்கும் நிலையே அது.

சாஆவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நமக்கு இத்துன்பம் தொலைதூரத்துச் செய்தியன்று. உயரத்திலிருந்து அறுபட்டு விழும் செம்பனைக் குலை, சரிவில் கவிழும் டிராக்டர், மழை நாளில் வழுக்கும் மோட்டார் சைக்கிள் இவற்றுள் எதுவும் நல்ல உழைப்பாளி ஒருவனை ஒரே நொடியில் அந்நிலைக்கு ஆளாக்கிவிடக்கூடும். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அக்கம்பக்கத்தார் உரைப்பது என்ன? "முதுகெலும்பு போய்விட்டது, இனி அவ்வளவுதான்" என்பர். இரக்கத்தினாலேயே அவ்வாறு சொல்கின்றனர். ஆயினும் அது ஒரு தீர்ப்பு. அப்பீலுக்கு இடமில்லாத தீர்ப்பு. அதைக் கேட்டபின் வீட்டார் செய்ய வேண்டியதையும் செய்யாமல் விட்டுவிடுகின்றனர்.

இத்தீர்ப்பு எங்கிருந்து வந்தது? இதை எதிர்த்து வழக்காடியவர் யாவர்? கத்தி வைக்காமலேயே அசைவை மீட்கும் முறைகள் எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன? இவ்வினாக்களுக்குச் சரித்திரம் கூறும் விடை, நம் குடும்பங்களுக்கு நேரே பயன்படுவதாகும்.

தலைமை அலுவலகமும் தோட்ட அலுவலகமும்

முதற்கண் தண்டுவடம் என்பது யாதென அறிதல் வேண்டும். மூளையின் அடியில் தொடங்கி, முதுகெலும்பின் குழாய்க்குள் இடுப்புக்குச் சற்று மேல்வரை இறங்கும் நரம்புக் கற்றை அது. வளர்ந்த மனிதனுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் அளவு பருமனும் உடையது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் செல்கின்றன. மூளையின் கட்டளை இதன் வழியாகவே தசைகளுக்கு இறங்குகிறது; தோலும் தசையும் உணர்வது இதன் வழியாகவே மூளைக்கு ஏறுகிறது.

இதைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுவது பழைய வழக்கம். கம்பி அறுந்தால் செய்தி நின்றது; வேறொன்றும் செய்வதற்கில்லை என்பது அவ்வுவமையின் முடிவு. அவ்வுவமை பாதி உண்மையே. கோலாலம்பூரிலுள்ள தலைமை அலுவலகத்தோடு டெலிபோன் தொடர்பு அற்றுப்போனால் தோட்டம் அன்றே நின்றுவிடுகிறதா? காலையில் பெரட்டு நடக்கிறது. மண்டோர் ஆட்களைப் பிரிக்கிறார். அன்றாட வேலை ஓடுகிறது. புதிய உத்தரவு வராது என்பதொன்றே குறை. தண்டுவடமும் அத்தகையதே. நடப்பதற்குரிய தாளம், அதாவது ஒரு கால் மடங்கும்போது மறு கால் நீளும் ஒழுங்கு, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மூளையோடு தொடர்பு அறுக்கப்பட்ட பூனையின் தண்டுவடம் தானாகவே அத்தாளத்தை எழுப்புவதை 1911ஆம் ஆண்டில் கிரகாம் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சோதித்துக் காட்டினார்.

இன்னொரு உண்மையும் உண்டு. பெரும்பாலான விபத்துகளில் தண்டுவடம் கத்தியால் வெட்டியதுபோல் இரண்டாவதில்லை, நசுங்குகிறது. சில இழைகள் தப்பிப் பிழைத்திருக்கும். அவற்றின் குரல் தசையை எழுப்பப் போதாமல் மெலிந்திருக்கும். இன்றைய சிகிச்சைகள் பலவும் இவ்விரண்டு உண்மைகளின்மேல் கட்டப்பட்டவை. ஆனால் அவற்றை எட்டுமுன் வைத்திய உலகம் கடக்க வேண்டியிருந்த தூரம் மிகப் பெரிது.

பழைய தீர்ப்பு

கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று இன்றும் இருக்கிறது. எட்வின் ஸ்மித் சுவடி என்பது அதற்கு இக்காலத்தார் இட்ட பெயர். கழுத்தெலும்பு பிசகிக் கையுங்காலும் உணர்விழந்தவனைப் பற்றி அச்சுவடி தெளிவாக விவரித்துவிட்டு, இது சிகிச்சை செய்யத்தகாத நோய் என்று முடிக்கிறது. ஏறத்தாழ 3,400 ஆண்டுகள் கழிந்து, 1805ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் ஆங்கிலத் தளபதி நெல்சனின் முதுகெலும்பில் துப்பாக்கிக் குண்டு தைத்தது. தனக்கு இனிப் பிழைப்பில்லை என்பதை அவரும் அறிந்தார். கப்பல் வைத்தியரும் அறிந்தார். சில மணி நேரத்தில் நெல்சன் மாண்டார். எகிப்தியச் சுவடியின் தீர்ப்பு அன்றும் அப்படியே நின்றது.

முதல் உலக யுத்தத்திலும் அத்தீர்ப்பு மாறவில்லை. முதுகில் காயம்பட்ட போர்வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர்களுள் பலரைக் கொன்றது முறிந்த முதுகெலும்பன்று. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்ததால் உண்டான படுக்கைப் புண்ணும், சிறுநீர் தேங்கி அழுகியதால் உண்டான விஷமுமே அவர்களைக் கொன்றன. இவ்விரண்டும் தடுக்கத்தக்கவை. தீராத நோய் என்று ஒதுக்கியதால் தடுப்பார் இல்லை. தடுப்பார் இல்லாததால் நோயாளர் மாண்டனர். அவர்கள் மாண்டதைக் கண்டு, தீராத நோய் என்ற எண்ணம் மேலும் உறுதிப்பட்டது. தீர்ப்பே தனக்குச் சாட்சியும் ஆயிற்று!

நம் நாடுகளில் இதற்கு மற்றொரு பூட்டும் போட்டுவைத்தோம். முன்வினைப் பயன் என்றோம்; தலையெழுத்து என்றோம். ஐரோப்பியன் 'சிகிச்சையில்லை' என்று கைவிட்டான்; நாம் 'சிகிச்சை தேடுவதும் வீண்' என்று கைவிட்டோம். படுக்கையில் கிடந்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

இரண்டு மணிக்கொருமுறை

இந்த வட்டத்தை உடைக்கும் முயற்சி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டொனால்ட் மன்ரோ என்னும் டாக்டரால் 1930களில் தொடங்கப்பட்டது. அதை உலகறியச் செய்தவர் லுட்விக் குட்மன். யூதராகப் பிறந்த காரணத்தால் ஹிட்லரின் ஜெர்மனியில் வாழ முடியாமல் 1939ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர் அவர். இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்றோருக்காக 1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட தண்டுவடச் சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் விடப்பட்டது.

குட்மன் கொண்டுவந்த மருந்து என்ன? புதிதாக ஒன்றுமில்லை. நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காக்கச் செய்தார். மூட்டுகள் இறுகிப்போகாதபடி கைகால்களை நாள்தோறும் அசைக்கச் செய்தார். தேறியவர்களை உட்காரவைத்து, தோளுக்கும் கைக்கும் பயிற்சி கொடுத்து, ஒரு தொழிலிலும் ஈடுபடுத்தினார். சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஊர் திரும்பினர்.

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கிற்று. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். காயமுற்ற 16 பேர், ஆண்களும் பெண்களுமாக, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அம்பெய்தனர். அச்சிறு போட்டியின் வழித்தோன்றலே 1960இல் ரோம் நகரத்தில் தொடங்கி இன்றுவரை நடைபெறும் பாராலிம்பிக் விளையாட்டு.

வேலூரில் ஒரு பெண்மணி

இங்கிலாந்தில் யுத்த வீரனுக்குக் கிடைத்தது ஏழை இந்தியனுக்குக் கிடைப்பது எவ்வாறு? இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எழுந்தது. விடையைத் தந்தவர் படுக்கையில் கிடந்து அத்துன்பத்தை அனுபவித்தறிந்த ஒருவர்.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் பயின்று அங்கேயே டாக்டரானார். 1954ஆம் ஆண்டு உடன்பணியாற்றுவோருடன் அவர் சென்ற மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் பலத்த காயம், முதுகெலும்பும் சேதமுற்றது, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போயின. அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

அந்நாளில் அக்கல்லூரியில் பால் பிராண்ட் என்னும் அறுவை வைத்தியர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைச் சீர்செய்வதில் அவர் உலகப் புகழ் பெற்றவர். கையில் செய்யும் அறுவையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டுமென்பதில்லை, அமர்ந்தும் செய்யலாம். இந்த எளிய உண்மையை அவர் மேரிக்கு எடுத்துக் காட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். தாம் நடக்க முடியாத ஒருவர் பிறருடைய விரல்களுக்கு அசைவு தந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குச் சென்று, பிறர் கையை எதிர்பாராமல் தம் உடலைத் தாமே ஆளும் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க் நகரத்தில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் அத்துறையையே முறையாகக் கற்றார். 1960களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் என்ற துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களுக்கு அது முன்னோடி. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 1986இல் அவர் காலமானார்; அவர் பெயராலேயே அந்நிலையம் இன்று வழங்குகிறது.

அங்கே நடந்த சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். இணைக்கம்பிகளுக்கிடையே நிற்கப் பழகுதல், காலில் இரும்புச் சட்டம் கட்டி ஊன்றுகோலால் நகர்தல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடலைத் தூக்கி மாற்றுதல், வீட்டார் ஒருவரை உடன்வைத்துப் பழக்குதல். இவற்றுள் எதற்கும் பெரிய யந்திரம் வேண்டுவதில்லை. வேண்டியது பொறுமையும் பயிற்சியும் கற்பிக்க ஒருவருமே. தானும் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் டாக்டர் ஒருவர் 'எழு' என்று சொல்லும்போது நோயாளிக்குப் பிறக்கும் துணிவை வேறு எந்த மருந்தும் தராது.

இதேபோன்ற மற்றொரு சான்று திருநெல்வேலிச் சீமையில் உண்டு. 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். இராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981இல் தம் ஊராகிய ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அது பல்லாயிரம் ஊனமுற்றோருக்குப் பயிற்சி தரும் நிலையமாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு அவரும் பத்மஸ்ரீ விருதுக்குரியவரானார்.

மின்சாரத்தின் வேலை

இதுவரை சொன்னவை எஞ்சிய அசைவைக் கொண்டு வாழும் வழி. இழந்த அசைவையே எழுப்ப முடியுமா என்பது அடுத்த வினா.

தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலியர் கால்வனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் துஷேன் தோலின்மேல் மின்முனை வைத்துத் தசைகளை அசைத்துக் காட்டினார். இது கண்டு, மின்சாரக் கச்சை என்று எதையோ இடுப்பில் கட்டச் சொல்லிப் பணம் பறித்தவர்களும் மேனாடுகளில் பெருகினர். பக்கவாதத்தால் பாதம் தொய்ந்தவர்களுக்கு, அடியெடுத்து வைக்கும் நேரத்தில் நரம்புக்கு மின்துடிப்பு அளித்துப் பாதத்தைத் தூக்கச் செய்யும் சிறு கருவியை லிபர்சன் என்பவர் 1961இல் வெளியிட்ட பின்னரே இத்துறை முறைப்பட்டது.

மறுபுறம், கிரகாம் பிரவுன் கண்ட உண்மைக்குப் பிற்காலத்தில் மதிப்பு வந்தது. தண்டுவடம் அறுபட்ட பூனைகளை ஓடும் பட்டையின்மேல் தாங்கிப் பிடித்துப் பழக்கியபோது அவை பின்னங்கால்களால் அடியெடுத்து வைக்கக் கற்றன என்பதை 1980களில் ஆராய்ச்சியாளர் நிறுவினர். மூளையன்றித் தண்டுவடமும் பாடம் கற்கும் என்பது இதனால் வெளிப்பட்டது. உடனே மனிதரையும் கச்சையில் தொங்கவிட்டு ஓடும் பட்டையில் நடத்தும் சிகிச்சை ஜெர்மனியிலும் கனடாவிலும் தோன்றிற்று. யந்திரக் கால்கள் நோயாளியின் கால்களை நடத்தும் கருவிகளும் வந்தன. ஆனால் 2006ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க, கனடியச் சோதனை ஒன்றில், புதிதாகக் காயமுற்ற 146 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறாருக்குப் பட்டைப் பயிற்சியும் மற்றவருக்குச் சாதாரணத் தரைப் பயிற்சியும் அளித்து ஒப்பிட்டனர். இரு கூறாரும் ஒரே அளவே முன்னேறினர்! யந்திரத்தின் பகட்டைவிட, பயிற்சி விடாமல் நடப்பதே முக்கியம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மின்சாரமும் பயிற்சியும் கைகோத்தது அண்மைக் காலத்தில். அமெரிக்காவில் எட்கர்டன், கெராசிமென்கோ என்னும் அறிஞர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், ஈராண்டுக்கு மேலாகக் கால்கள் முற்றும் செயலிழந்த ஐந்து ஆடவருக்கு முதுகுத் தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி, கால்களைத் தொட்டிலில் இட்டதுபோல் தொங்கவிட்டுப் பயிற்சி அளித்தனர். சில வாரங்களில் அவர்கள் தம் விருப்பப்படி கால்களை முன்னும் பின்னும் அசைத்தனர். நடக்கவில்லை, ஆனால் அசைத்தனர். இம்மின்சாரம் தசையை நேரே இழுப்பதன்று. தண்டுவடத்தின் உறக்கத்தைக் கலைத்து, தப்பிய இழைகளின் மெலிந்த குரலும் அதன் காதில் விழும்படி செய்வது.

2024ஆம் ஆண்டு மே மாதம் இதனினும் பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. கழுத்துப் பகுதியில் காயமுற்றுக் கைகள் பலவீனப்பட்ட 60 பேர் இதில் பங்குகொண்டனர். அவருள் ஒருவர் காயமுற்று 34 ஆண்டுகள் கழிந்தவர். முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி. அடுத்த இரண்டு மாதம் கழுத்துத் தோலின்மேல் மின்துடிப்போடு பயிற்சி. நூற்றுக்கு 72 பேருக்குக் கையின் வலிமையும் பயனும் கூடின. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் அக்கருவிக்கு அனுமதி தந்தது. இது முழுக்குணமன்று. ஆயினும் கரண்டியைத் தானே பிடித்து உண்ண முடிவது அந்த மனிதனுக்கு எத்தனை பெரிது என்பதை, பிறர் ஊட்ட உண்டவனே அறிவான்.

நமக்குள்ள பாடம்

சரித்திரத்தின் படிகளை இப்போது எண்ணிப் பார்ப்போம். முதற்படி உயிர் காத்தல். அடுத்தது எஞ்சியதைக் கொண்டு நகர்தல். மூன்றாவது உறங்குவதை எழுப்புதல். மேற்படி கீழ்ப்படியின்மேலேயே நிற்கிறது. படுக்கைப் புண்ணால் அழுகிய உடலுக்கும், கட்டைபோல் இறுகிய மூட்டுக்கும் நாளை எவ்வளவு நுட்பமான கருவி வந்தாலும் பயனில்லை. ஆகவே லயத்து வீட்டில் ஒரு மனைவி தன் கணவனை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறாள் என்றால், அவள் செய்வது வெறும் பணிவிடையன்று. நவீன சிகிச்சையின் முதற்படியை அவளே செய்கிறாள்.

விபத்து நேர்ந்த இடத்தில் தோளில் இருவரும் காலில் இருவருமாகப் பிடித்து மடித்துத் தூக்குவது நம்மவர் வழக்கம். பிழைத்திருக்கக்கூடிய இழைகளையும் அறுக்கும் செயல் அது. ஆம்புலன்ஸ் வருமளவும் அசைக்காதிருத்தல் வேண்டும். அகற்றியே தீரவேண்டுமெனில் தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்கப் பலகையில் கிடத்தல் வேண்டும். உணர்வற்ற காலில் சூடான ஒத்தடம் கொடுப்பதும் பெருந்தீங்கு; தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. அன்பினால் இட்ட ஒத்தடமே ஆறாத புண்ணாகும்.

நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971இல் தொடங்கிய பெர்கேசோ, தொழிலாளிக்குப் பணவுதவி மட்டுமன்றி மறுவாழ்வுச் சிகிச்சையும் அளிக்கிறது. 2019ஆம் ஆண்டிலிருந்து அந்நியத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்பு விரிந்தது. மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட பெர்கேசோ துன் ரசாக் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சிக் கூடங்களும் நடைப் பயிற்சி யந்திரங்களும் உள்ளன. தோலின்மேல் எழும் மெல்லிய மின்குறியை உணர்ந்து காலை நகர்த்தும் ஜப்பானிய 'ஹால்' கவசமும் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. சாஆவிலிருந்து மலாக்கா ஒரு பகற்பொழுதுப் பயணம்கூட இல்லை. ஆனால் அவ்வாயிலைத் திறக்கும் சாவி ஒரு தாள். வேலை விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவர். தோட்ட அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் என்னைப் போன்ற கிராணிமார், அத்தாளை மற்றத் தாள்களோடு ஒன்றாக எண்ணலாகாது. அதன் தாமதம் ஒருவனுடைய கால்களின் தாமதம்.

அதிசய எண்ணெய் என்றும், ஒரே வாரத்தில் நடக்கவைப்பேன் என்றும் வருவோரையும் நம்பவேண்டா. 3,600 ஆண்டுச் சரித்திரத்தில் ஒரே வாரத்தில் எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்தவை யாவும் விடாத பயிற்சியால் நிகழ்ந்தன.

தோழர்களே! தீராது என்ற தீர்ப்பை எழுதியவன் மனிதன். அதைச் சிறிது சிறிதாகத் திருத்தி எழுதி வருபவனும் மனிதனே. இனி நம் லயங்களில் எவனேனும் முதுகொடிந்து கிடந்தால், 'அவ்வளவுதான்' என்று சொல்லித் திரும்பாதீர்கள். 'இப்போது மணி என்ன? அவனைக் கடைசியாகப் புரட்டிவிட்டது எப்போது?' என்று கேளுங்கள்.